கசகசாவுக்கு முந்திரி மாற்றாகுமா?

கேள்வி, ஜனவரி 8
குருமாவுக்குக் கசகசா எதற்கு? கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி எப்போதோ ஆகிவிட்டது. முந்திரியும் பொட்டுக்கடலையும் அரைத்து ஊற்றினால் அதே கெட்டி வருகிறது. போட்ட குருமாவையும் போடாத குருமாவையும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுப் பிரித்துச் சொல்பவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா? வெறும் பழக்கதோஷம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பதில், ஜனவரி 8, இரவு 9.50
நான் இருக்கிறேன்.

கெட்டிதான் வேண்டும் என்றால் முந்திரி போதும். கசகசா செய்யும் வேலை வேறு. முந்திரி குருமாவை இனிப்பாக்கும், நாக்கில் வழவழவென்று உட்காரும். கசகசா இனிக்காது. அதற்கென்று ஒரு பச்சைக் கொட்டை வாசமும், கொஞ்சம் மண் வாசமும் உண்டு. அதைவிட முக்கியம், பட்டை கிராம்பு தூக்கலாகிப்போன சால்னாவை அது சமாதானப்படுத்தும். இறக்குவதற்கு முன் ஒரு ஸ்பூன் விழுது சேர்த்து ஐந்து நிமிடம் சிறுதீயில் விடுங்கள். மூக்கில் ஏறி நிற்கும் மசாலா கீழே இறங்கிவிடும். முந்திரி போட்டால் மசாலா அப்படியே நிற்கும், மேலே ஒரு இனிப்பு சேரும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக் குருமாவில் தேங்காய், சோம்பு, பச்சை மிளகாய், பொட்டுக்கடலை எல்லாம் கூடக்குறைய இருக்கும். கசகசா இல்லையென்றால் அம்மா அதைக் குருமா என்றே சொல்லமாட்டார். "தேங்காய்க் குழம்பு வெச்சிருக்கே" என்பார்.

ஜனவரி 9, காலை 7.15
இரவு படுத்த பிறகு தோன்றியது. வித்தியாசம் தெரியவில்லை என்பவர்கள் வீட்டில் கசகசா பெரும்பாலும் அரைபடுவதே இல்லை. விதை ஒரு மில்லிமீட்டர் அளவு. ஒரு கிராமில் மூவாயிரத்துக்கு மேல் இருக்கும். தேங்காயோடு சேர்த்து மிக்ஸியில் போட்டால் தேங்காய் மசியும், பிளேடுக்கு அடியில் கசகசா முழுசாகவே சுற்றிக்கொண்டிருக்கும். விதைக்குள் பாதிக்குப் பாதி எண்ணெய். அந்த எண்ணெய் வெளியே வந்தால்தான் சுவை. முழுசாகக் குழம்பில் மிதந்தால் பல்லில் நறநறப்பதைத் தவிர ஒரு பலனும் இல்லை.

நான் செய்வது இது. வாணலியில் மிதமான சூட்டில், நிறம் மாறவிடாமல் லேசாகப் புரட்டி எடுக்கிறேன். ஆறியதும் சின்ன ஜாரில் தண்ணீர் இல்லாமல் ஒரு சுற்று. பிறகு கொதிநீர் கொஞ்சம் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுவேன். அப்புறம் அதே நீரோடு மறுபடி அரைத்து, கடைசியில்தான் தேங்காய் போடுவேன். விழுதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். குருணை தட்டுப்படக் கூடாது, விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்ட வேண்டும். அந்தப் பிசுக்கு வந்துவிட்டால் அளவைப் பாதியாகக் குறைக்கலாம். விலையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அம்மி இருப்பவர்களுக்கு இந்தச் சடங்கு எதுவும் வேண்டாம். ஊறவைத்து நாலு இழுப்பு இழுத்தால் போதும். கசகசாவை வெட்டக் கூடாது, நசுக்க வேண்டும்.

ஜனவரி 12, மதியம் 2.30
"கசகசா தனியாக ருசிக்குமா, மசாலாவில் பத்தோடு பதினொன்றுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ருசிக்கும். அதை நான் கற்றுக்கொண்டது வேளச்சேரியில்.

அங்கே நாங்கள் குடியிருந்தபோது மேல்மாடியில் பாங்குராவிலிருந்து வந்த ஒரு வங்காளிக் குடும்பம் இருந்தது. அந்த ஆன்ட்டி வீட்டில் கசகசாவைக் கால் கிலோ, அரைக் கிலோ என்றுதான் வாங்குவார்கள். நம் வீடுகளில் ஐம்பது கிராம் பாக்கெட் மாதக்கணக்கில் டப்பாவில் கிடக்கும். முதல்முறை ஆலு போஸ்தோ கொடுத்தனுப்பியபோது தேங்காய்த் துருவல் போட்ட உருளைக்கிழங்கு என்றே நினைத்துச் சாப்பிட்டேன். ஒரு வாய் உள்ளே போனதும் தேங்காய் இல்லை என்று தெரிந்துவிட்டது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை.

அப்புறம் அவர் அடுப்படியிலேயே நின்று பார்த்தேன். உருளையைச் சின்னச் சதுரமாக நறுக்கிக்கொள்வார். கடுகெண்ணெயைப் புகையும்வரை காயவைத்து, கருஞ்சீரகம் தாளித்து, உருளையை வதக்குவார். ஊறவைத்து அரைத்த விழுது ஒரு கிண்ணம் நிறைய, கீறிய பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் தண்ணீர். வற்றி, விழுது கிழங்கின்மேல் ஒட்டிக்கொண்டு வாணலியின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்தால் பதம். கடைசியில் பச்சைக் கடுகெண்ணெய் சில சொட்டு. வெங்காயம், பூண்டு, தக்காளி எதுவும் கிடையாது. நான் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து நீட்டினேன். "ஹல்தி வேண்டாம்மா, போஸ்தோ ஒளிஞ்சிடும்" என்று கையைத் தள்ளிவிட்டார். போஸ்தோ என்றால் அவர்கள் மொழியில் கசகசா.

அதோடு உளுத்தம்பருப்பில் சோம்பும் இஞ்சியும் அரைத்துவிட்ட ஒரு பருப்பு, சூடான சோறு. பாங்குரா, பீர்பூம், புருலியா பக்கம் வெயில் காலத்து மதியச் சாப்பாடே இதுதானாம். பீர்க்கங்காயிலும் செய்வார்கள். விழுதையே தட்டி வடை மாதிரி எண்ணெயில் போட்டெடுப்பார்கள். அரைத்த பச்சை விழுதில் கடுகெண்ணெயும் வெங்காயமும் பச்சை மிளகாயும் பிசைந்து, அடுப்பிலேயே ஏற்றாமல் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதும் உண்டு.

அன்றிலிருந்து என் கருத்து இதுதான். நாம் கசகசாவைப் பத்துச் சாமானுக்கு நடுவே ஒளித்துவைத்துவிட்டு, அதற்குச் சுவை இல்லை என்கிறோம்.

ஜனவரி 12, மாலை 6.05
வங்காளத்துக்கு எப்படி இந்தப் பைத்தியம் பிடித்தது என்று கேட்டதற்கு. 1773-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காள அபின் வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பாட்னா, காசிப்பூர் தொழிற்சாலைகளுக்காகப் பீகார், உத்தரப்பிரதேசப் பக்கத்து வயல்களில் பாப்பி, அதாவது கசகசாச் செடி, ஏராளமாக விளைந்தது. அபினுக்காகப் பால் எடுத்த காயில் மிஞ்சிய விதை மலிவாகக் கிடைத்து, ஏழை வீட்டு அடுப்பில் ஏறியது என்று அங்கே சொல்வார்கள். அப்படி மலிவில் ஆரம்பித்த சாப்பாடு இப்போது விருந்துச் செலவாகிவிட்டது.

ஜனவரி 19, இரவு 10.20
ஐரோப்பாவில் இதைப் பெரும்பாலும் மசாலாவோடு சேர்ப்பதில்லை, அதிகமும் இனிப்புதான். ஹங்கேரியில் கிறிஸ்துமஸுக்கு பெய்க்லி என்று ஒரு சுருள் ரொட்டி செய்வார்கள். உள்ளே அரைத்த கசகசாவும் சர்க்கரையும் விரல் தடிமனுக்குக் கறுப்பாக இருக்கும். போலந்தில் அதுவே மகோவியெத்ஸ். வேகவைத்த பாஸ்தாமேல் அரைத்த கசகசாவும் பொடித்த சர்க்கரையும் தூவி மதியச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள், ஹங்கேரியில். ஆஸ்திரியாவில் உருளைக்கிழங்கு மாவை விரல் நீளத்துக்கு உருட்டி வேகவைத்து, வெண்ணெயிலும் கசகசாவிலும் புரட்டுகிறார்கள். வால்ட்ஃபியர்ட்டல் என்ற பகுதியின் சாம்பல்நிறக் கசகசாவுக்கு நம் புவிசார் குறியீடு மாதிரியான ஐரோப்பியப் பாதுகாப்பு உண்டு. யூதர்கள் பூரிம் பண்டிகைக்குச் செய்யும் முக்கோண பிஸ்கட்டிலும் பழைய பூரணம் இதுதான்.

என்னை ஈர்த்தது வேறு. செக் நாட்டிலும் ஹங்கேரியிலும் கசகசா அரைக்கவே கையால் சுற்றும் தனி மில் இருக்கிறது. மேசை விளிம்பில் திருகி மாட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். பிளேடு கிடையாது, நசுக்கித் தள்ளும். நம் அம்மி செய்வதையே அவர்கள் இரும்பில் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 20, காலை 8.00
கறுப்புக் கசகசா வேறு செடி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. நீலச் சாம்பல், வெள்ளை, மஞ்சள், பழுப்பு எல்லாம் ஒரே இனம்தான், ரகம் வேறு. நம் ஊரில் வெள்ளை, ஐரோப்பாவில் நீலம். துருக்கியில் எல்லா நிறமும் விளைகிறது. அஃபியோன்கரஹிசார் பக்கம் வறுத்து அரைத்த விழுதைத் திராட்சைப் பாகோடு காலையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள், ரொட்டி மாவுக்குள்ளும் தடவிச் சுருட்டுகிறார்கள். ஜப்பானில் ஏழு சாமான் கலந்த மிளகாய்ப் பொடியில் இதுவும் ஒன்று. பயற்றுப் பூரணம் வைத்த பன்னின் தலையிலும் தூவுகிறார்கள்.

குருமாவுக்கு நீலத்தைப் போட்டால் நிறம் அழுக்காகிவிடும். சுவையில் குறையில்லை.

ஜனவரி 26, மாலை 4.40
லிதுவேனியாவில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஊறவைத்த கசகசாவை அரைத்துப் பால் எடுத்து, அதில் குட்டிக் குட்டி ரொட்டி உருண்டைகளை மிதக்கவிட்டுச் சாப்பிடுகிறார்கள். படித்ததும் எனக்குக் கன்னடக்காரர்களின் கசகசே பாயசம்தான் நினைவுக்கு வந்தது. கசகசா, தேங்காய், கொஞ்சம் அரிசி மூன்றையும் அரைத்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சுவார்கள். சென்னையிலும் பல வீடுகளில் செய்கிறோம். சேமியாவும் ஜவ்வரிசியும் அலுத்துப்போனவர்கள் ஒருமுறை செய்யுங்கள். இந்தப் பாயசத்துக்கு மட்டும் கசகசாவைப் பொன்னிறமாக வறுக்கலாம்.

பிப்ரவரி 16, காலை 11.30
விலைக்கு வருகிறேன். முதல் நாள் கேட்டவர் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். நியாயமான கேள்வியும்கூட.

இந்தியாவில் பாப்பியை நினைத்தவர் நினைத்த இடத்தில் விதைக்க முடியாது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் என்று மூன்று மாநிலங்களில், அறிவிக்கப்பட்ட பகுதிகளில், குவாலியரில் தலைமையகம் உள்ள மத்திய போதைப்பொருள் பணியகத்தின் உரிமம் வாங்கியவர்தான் விதைக்கலாம். நீமச், மந்த்சோர், சித்தோர்கட் பக்கங்களில் அந்த வேலை இந்தப் பருவத்தில்தான் நடக்கும். பிற்பகலில் காயைப் பல முனைக் கத்தியால் மெல்லக் கீறுவார்கள். இரவெல்லாம் பால் கசிந்து உறையும். மறுநாள் காலையில் வழித்தெடுப்பார்கள். ஒரே காயை நாள் விட்டு நாள் பலமுறை கீறுவார்கள். அந்த அபின் முழுவதும் அரசாங்கத்துக்குப் போக வேண்டும். அரசு குறித்த அளவுக்குக் குறைந்தால் அடுத்த வருடம் உரிமம் கேள்விக்குறி. கடைசியில் காய் காய்ந்ததும் உடைத்து உதறி எடுப்பதுதான் நம் கசகசா. அதை மட்டும் விவசாயி வெளிச்சந்தையில் விற்றுக்கொள்ளலாம்.

ஆக, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிப்பது மருந்துக்கு எவ்வளவு அபின் வேண்டும் என்ற கணக்கு. எத்தனை வீட்டில் குருமா வைக்கிறார்கள் என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை. பற்றாக்குறைக்கு இறக்குமதி செய்கிறோம், துருக்கிதான் அதில் பெரிய பெயர். அதற்கும் சட்டப்படி விளைந்தது என்று அந்த நாட்டுச் சான்றிதழ் வேண்டும், குவாலியரில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். இந்தக் கதவு திறந்து மூடுவதைப் பொறுத்துத்தான் கொத்தவால் சாவடி விலையும் ஏறி இறங்குகிறது. மேற்கு வங்கத்திலும் பயிரிட அனுமதி வேண்டும் என்று 2023-ல் மம்தா பானர்ஜி சட்டமன்றத்திலேயே பேசினார். போஸ்தோ சாப்பிடும் மக்கள் அத்தனை பணம் கொடுத்து ஏன் வாங்க வேண்டும் என்ற அவர் கேள்வி எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

பிப்ரவரி 16, மதியம் 1.10
துருக்கி விஷயம் ஒன்று விட்டுப்போயிற்று. அமெரிக்காவின் நெருக்குதலில் 1971-ல் பாப்பி விளைச்சலையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். 1974-ல் தடையை எடுத்தபோது காயைக் கீறக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். முழுக் காயையும் காயவிட்டு, விதையை எடுத்துக்கொண்டு, ஓட்டிலிருந்து ஆலையில் மார்ஃபின் என்ற வலி மருந்தைப் பிரிக்கிறார்கள். நம் நாட்டிலும் 2021-22 பருவத்திலிருந்து கீறாத முறைக்கு உரிமம் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 18, இரவு 9.00
துபாய்க்குப் போகிறவர்கள், தயவுசெய்து கசகசா எடுத்துப் போகாதீர்கள். மசாலாப் பொடியில் கலந்தும் வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் இதற்குத் தடை, சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு உண்டு. என் அத்தைப்பெண் முதன்முதலாகத் துபாய் கிளம்பியபோது அத்தை வீட்டிலேயே அரைத்த பிரியாணி மசாலாவைப் பெட்டியில் வைத்திருந்தார். முந்தின நாள் இரவு நான்தான் கேட்டு எடுக்கச் சொன்னேன். "சமையல் சாமானுக்குப் போய் யாருடி பிடிப்பாங்க?" என்று அத்தைக்குக் கோபம். பிடிப்பார்கள். அங்கே நம் சமையலறை நியாயம் செல்லாது. அந்த ஊர்களில் முந்திரியும் பாதாமும்தான், வேறு வழியில்லை.

பிப்ரவரி 19, காலை 6.50
"அப்படியானால் போதை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள்.

மார்ஃபின் இருப்பது காயின் பாலில். நம் 1985 போதைப்பொருள் சட்டமே பாப்பியின் காய், தண்டு எல்லாவற்றையும் கட்டுப்பாட்டில் வைத்துவிட்டு விதைக்கு மட்டும் விலக்கு கொடுக்கிறது. ஆனால் அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பாலும் ஓட்டுத் தூளும் விதையின் மேல் கொஞ்சம் ஒட்டும். கழுவினால், சூடுபட்டால், அரைத்தால் அது வெகுவாகக் குறையும். குருமாவில் போடும் ஒரு ஸ்பூனால் ஒன்றும் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் கடைக்கு வரும் கசகசாவில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று மார்ஃபினுக்கும் அதே இனத்துக் கோடீனுக்கும் சேர்த்து ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் கசகசா தூவிய பன் சாப்பிட்டவர்கள் சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டதால், 1998-ல் அரசு ஊழியர்களுக்கான பரிசோதனையில் மார்ஃபின் வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 ஆக உயர்த்தினார்கள். 2023-ல் அவர்கள் ராணுவம் கசகசாவைத் தவிர்க்கும்படி வீரர்களுக்கு எச்சரிக்கையே விட்டது.

இனி சொல்வதை அழுத்திச் சொல்கிறேன். கழுவாத விதையைக் கிலோக்கணக்கில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் குடித்து வெளிநாட்டில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். நம் ஊரில் இன்னும் சில வீடுகளில் கைக்குழந்தை தூங்கவில்லை என்று கசகசாவை ஊறவைத்து இழைத்துப் பாலில் கொடுக்கிறார்கள். கொடுக்காதீர்கள். எந்த லாட்டில் எவ்வளவு பால் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. பெரியவர்கள் தாங்கும் அளவைக் குழந்தையின் மூச்சு தாங்காது. பாட்டி சொன்ன எத்தனையோ வைத்தியத்தை நான் மதிக்கிறேன், வாய்ப்புண்ணுக்குக் கொப்பரையோடு கசகசா மென்று சாப்பிடுவது எங்கள் வீட்டிலும் உண்டு. குழந்தைக்குக் கொடுப்பதை மட்டும் ஏற்கமாட்டேன்.

பிப்ரவரி 23, மதியம் 12.15
கலப்படம். வீட்டருகே ஒரு கடையில் வாங்கிய பாக்கெட் விலை குறைவாக இருந்தது. அரைத்தால் பால் விடவில்லை, கூழாக இழுத்தது. மிச்சத்தை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கசகசா சிறுநீரக வடிவில் ஒரு பக்கம் குழிந்திருக்கும், மேலே வலை பின்னின மாதிரி வரி ஓடும், பளபளப்பு இருக்காது. அந்தத் தட்டில் பாதிக்கு மேல் உருண்டையாக, ஓரம் தட்டையாக, மினுமினுவென்று வேறொரு விதை. ராஜ்கிரா, அதாவது தண்டுக்கீரை இனத்து விதை. காய்ந்த வாணலியில் ஒரு சிட்டிகை போட்டதும் பொரிப்பொரியாக மலர்ந்துவிட்டது. கசகசா வாசம் விடும், மலராது. ரவை கலந்திருந்தால் கொதிநீரில் ஊறி உப்பிக் குழையும், அதையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது எங்கள் தெரு அண்ணாச்சியிடம்தான் வாங்குகிறேன். "அண்ணாச்சி, இது புதுசா?" என்றால் மூடியைத் திறந்து என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, "வாயில போட்டுப் பாருங்கம்மா, கசந்தா வேண்டாம்" என்பார்.

பிப்ரவரி 23, மதியம் 12.40
ரோஸ்மில்க்கில், ஃபலூடாவில் வழுவழுவென்று மிதப்பது சப்ஜா. கறுப்பாக இருக்கும், தண்ணீரில் போட்டதும் ஜெல்லி கட்டும். கசகசா ஒரு ராத்திரி ஊறினாலும் அப்படி ஆகாது.

மார்ச் 2, இரவு 8.30
"பாலைவிடக் கால்சியம் அதிகம், தினமும் சாப்பிடுங்கள்" என்று ஒரு வாட்ஸப் செய்தியை ஒட்டியிருக்கிறீர்கள். நூறு கிராமில் 1400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மை. நூறு கிராம் கசகசாவை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு டீஸ்பூன் மூன்று கிராம்கூட வராது, அதில் நாற்பது மில்லிகிராம் கால்சியம். குருமாவில் அது நாலு பேருக்குப் பிரிந்துபோகும். ருசிக்காகச் சாப்பிடுங்கள். கால்சியத்துக்கு மோர் இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது.

மார்ச் 15, மாலை 5.20
நேற்று ஹோலி. சௌகார்பேட்டையில் தண்டாய் குடித்துவிட்டு வந்தேன். பாதாம், சோம்பு, மிளகு, முலாம்பழ விதை, ரோஜா இதழ், கசகசா எல்லாம் ஊறவைத்து அரைத்துப் பாலில் கலந்தது. முதலில் மிளகு, பிறகு சோம்பு, கடைசியில் தொண்டையில் நிற்பது கசகசா. நம் குருமாவிலும் சோம்புக்குப் பக்கத்தில் கசகசாதானே. அங்கே பாலில் நடப்பது இங்கே தேங்காய்ப்பாலில் நடக்கிறது.

முதல் கேள்வி கேட்டவர் இப்போது ஆலு போஸ்தோ செய்து பார்த்தாராம். நல்லெண்ணெயில் செய்திருக்கிறார், மஞ்சளும் போட்டிருக்கிறார். "வித்தியாசம் தெரிகிறது, ஆனால் விலை கட்டுப்படியாகாது" என்று எழுதியிருக்கிறார். சரி, அவருக்கு ஒரு யோசனை. வாரம் மூன்று முறை குருமாவில் அரைகுறையாக அரைத்துப் போடுவதை விட்டுவிட்டு, சாதாரண நாளில் பொட்டுக்கடலையே போடுங்கள். மாதம் ஒருமுறை கசகசாவையே முன்னால் வைத்து ஒரு சமையல் செய்யுங்கள். அடுத்தமுறை கடுகெண்ணெய், மஞ்சள் வேண்டாம்.

மார்ச் 16, காலை 9.10
வெயில் தொடங்கிவிட்டதால் சேமிப்பு பற்றி. எண்ணெய் அதிகம் உள்ள விதை, சென்னை ஏப்ரல் மே சூட்டில் அலமாரியில் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், அரைக் கிலோ வாங்கினால் ஃப்ரீசரில். பொடியாக விற்பதை வாங்க வேண்டாம், அரைபட்ட நிமிடத்திலிருந்து கெட ஆரம்பிக்கும். வட இந்தியப் புது விளைச்சல் மார்ச், ஏப்ரலில் உதிர்ந்து அதற்குப் பிறகுதான் இங்கே வந்து சேரும். மொத்தமாக வாங்க நினைப்பவர்கள் அதுவரை பொறுத்து, வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.